ஏழாம் நம்பர் நோட்டு

பன்னிரண்டரைக்கு மணி அடித்தால் எங்கள் பள்ளியில் எல்லோரும் தூங்கியே ஆக வேண்டும். தூக்கம் வருகிறதா என்று யாரும் கேட்பதில்லை. விளக்கை அணைத்து, திரையை இழுத்து, மேஜையில் கையை மடக்கித் தலையைச் சாய்த்துவிட வேண்டும். ஒன்று ஐந்துக்கு அடுத்த மணி அடிக்கும்வரை தலை நிமிர்ந்தால் கரும்பலகையில் உங்கள் நம்பர் ஏறும். மற்ற நாட்களில் முதல் குறட்டை என்னுடையதாகத்தான் இருக்கும். அந்தத் திங்கட்கிழமை மட்டும் கண்ணை மூடினால் பச்சை அட்டை போட்ட ஒரு நோட்டுதான் தெரிந்தது.

அந்த நோட்டு அப்போது ஆசிரியர் அறையில், எங்கள் வகுப்பாசிரியை ஷாவ் மிஸ்ஸின் மேஜையில் இருந்தது. மிஸ் ஒன்று ஐந்துக்கு எழுந்து முகம் கழுவி, டீ ஊற்றிக்கொண்டு எங்கள் வாரக்குறிப்பு நோட்டுகளைப் படிக்க உட்காருவார். நம்பர் வரிசைப்படிதான் படிப்பார். அந்தப் பச்சை நோட்டின் அட்டையில் ஏழு என்று போட்டிருந்தது. முதல் வாய் டீ ஆறுவதற்குள் அது அவர் கைக்கு வந்துவிடும்.

வாரக்குறிப்பு என்பது வேறொன்றும் இல்லை. ஒவ்வொரு சனி ஞாயிறும் மனதில் பட்டதை ஒரு பக்கம் எழுதி, திங்கள் காலையில் கொடுக்க வேண்டும். 'மனதில் பட்டதை' என்று சொல்வார்களே தவிர, யாரும் அப்படி எழுதுவதில்லை. போன வருடம் ஒருவன் வீட்டைவிட்டு ஓடிவிடலாம்போல் இருக்கிறது என்று விளையாட்டாக எழுதிவைத்தான். மறுநாள் அவன் அம்மாவும் அப்பாவும் பள்ளி வாசலில் நின்றார்கள். ஷாவ் மிஸ் நல்லவர்தான். நல்லவர் என்பதால்தான் உடனே வீட்டுக்குப் போன் போடுவார்.

எங்களுடைய அந்த நோட்டு வாரக்குறிப்பு அல்ல. அது நானும் என் நண்பன் ஆ-யுவானும் மாறி மாறி எழுதுகிற நோட்டு. வாரக்குறிப்புக்குத் தரும் அதே பச்சை அட்டை நோட்டைப் பள்ளிக் கடையில் இன்னொன்று வாங்கி, அதில் எழுதினால் யாருக்கும் சந்தேகம் வராது என்று கண்டுபிடித்த மகா மூளை என்னுடையது. வகுப்பில் நோட்டுகளை வசூலிக்கும் பொறுப்பும் என்னுடையதுதான். திங்கட்கிழமை ஆ-யுவான் தன் ஏழாம் நம்பர் வாரக்குறிப்புக்கு அடியில் இதையும் சேர்த்து வைப்பான். நாற்பத்தொரு நோட்டை நம்பர்படி அடுக்கும்போது இதை மட்டும் உருவி என் பையில் போட்டுக்கொள்வேன். வெள்ளிக்கிழமை திருத்திய நோட்டுகளைக் கொடுக்கும்போது அவனுக்கு மட்டும் இரண்டாகக் கொடுப்பேன். ஒன்றரை வருடம் இப்படியே ஓடியது, ஒரு ஈ காக்காய்க்குக் கூடத் தெரியாது.

முதலில் அதில் மறைக்கப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஆசிரியர்களின் கேலிப் படங்கள், யார் டிபனில் என்ன, எந்தப் பாட்டு சகிக்கவில்லை, இவ்வளவுதான். ஆ-யுவானின் போனை அவன் அப்பா எடுத்துப் பார்ப்பார் என்பதால் பேச்செல்லாம் நோட்டுக்கு வந்தது. அப்புறம் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. வெள்ளிக்கிழமை மாலை மட்டும் ஏன் நெஞ்சு அடைக்கிறது என்று ஆறு மாதம் தெரியாத மாதிரி இருந்தேன். போன வெள்ளிக்கிழமை மூன்று பக்கம் சுற்றி வளைத்து, கடைசி வரியில் எழுதிவிட்டேன்: உன்னை எனக்குப் பிடித்திருக்கிறது. நண்பனாக இல்லை.

சனிக்கிழமை அவனிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. சாதாரணமாக, அப்பா பார்த்தாலும் பரவாயில்லாத நாய்க்குட்டிப் படமாவது இருபது அனுப்புவான்.

திங்கள் காலையில் அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. யானையிடம் போய், "வயிறு சரியில்லடா, நோட்டெல்லாம் நீ வசூல் பண்ணி வை" என்று சொல்லிவிட்டுக் கழிவறையில் ஒளிந்துகொண்டேன். யானை என்பவன் எங்கள் வகுப்பின் ஒழுங்குப் பொறுப்பாளன். நிஜப் பெயர் டா-லியாங், அதை அவன் அம்மா மட்டும்தான் சொல்வார். மணி அடித்த பிறகு வந்து, யானை கட்டிவைத்திருந்த நோட்டுக் கட்டை அடுக்காமல் கொள்ளாமல் அப்படியே தூக்கிக்கொண்டு போய் ஷாவ் மிஸ்ஸிடம் கொடுத்தேன். ஆ-யுவான் எங்கே பதில் எழுதியிருக்கப் போகிறான், நோட்டையே கொண்டுவந்திருக்க மாட்டான், கட்டில் உருவ என்ன இருக்கப் போகிறது என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். மிஸ் சிரித்து, "சிரமப்பட்டியேப்பா" என்றார்.

சாப்பாட்டு நேரத்தில் குழாயடியில் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆ-யுவான் பக்கத்தில் வந்து நின்றான். கழுவாத டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"படிச்சிட்டியா?"

"எதடா?"

"விளையாடாத ஆ-மின். காலைலேருந்து மூஞ்சியத் திருப்பிக்கிட்டுத் திரியற. நான் எழுதினது பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிடு. இப்படி ஓடாத."

"டேய், நீ எங்க எழுதின?"

"நோட்டுலதான். காலைல வச்சேனே, என் வாரக்குறிப்புக்கு அடியில. எப்பவும்போல."

என் கையிலிருந்த மூடி தொட்டியில் விழுந்து ஒரு சுற்றுச் சுற்றியது. நான் அதை எடுக்கவில்லை.

"நான் இன்னிக்கு அடுக்கல" என்றேன்.

"அப்ப யாரு அடுக்கினது?"

"யாரும் அடுக்கல. அப்படியே தூக்கிட்டுப் போய் மிஸ்கிட்ட குடுத்துட்டேன்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. எங்கள் சியாயி நகரில் வான்கோழிச் சோறு விற்கிற கடை நூறு இருக்கும். அதில் ஒன்று ஆ-யுவானின் அப்பாவுடையது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் கல்யாணம் செய்துகொள்ளலாமா என்று போன நவம்பரில் நாடு முழுக்க வாக்கெடுப்பு நடந்தபோது, 'ஆணும் பெண்ணும் சேர்ந்ததே குடும்பம்' என்ற துண்டுத்தாளை அவர் கடைக் கண்ணாடியில் ஒட்டினார். வாக்கெடுப்பு முடிந்து நான்கு மாதமாகியும் விலைப்பட்டியலுக்குப் பக்கத்தில் அது அப்படியே இருக்கிறது. அதற்குக் கீழே உட்கார்ந்துதான் நான் வாரா வாரம் சாப்பிடுவேன். "இன்னும் ரெண்டு துண்டு போட்டுக்கோப்பா, எலும்பா இருக்க" என்று கறியை அள்ளிப் போடுவார். அதே வாயால், "என் வீட்ல அப்படி ஒண்ணு இருந்தா வாசலோட சரி" என்று பக்கத்து மேஜைக்காரரிடம் சொன்னதையும் நான் கேட்டிருக்கிறேன். அப்போது ஆ-யுவான் சோற்றுக் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரே கிண்ணத்தை ரொம்ப நேரம் துடைத்தான்.

"நீ எழுதினதும் அதுல இருக்கு. நான் எழுதினதும் இருக்கு" என்றான். "மிஸ் படிச்சா ராத்திரிக்குள்ள அப்பாவுக்குத் தெரிஞ்சிடும்."

"நீ என்னடா எழுதின?"

"அதையா இப்பக் கேக்கற?"

"நான் போய் எடுத்துட்டு வரேன்."

"நானும் வரேன்."

"ரெண்டு பேர் போனா மாட்டுவோம். கெடுத்தது நான்தானே, நானே போறேன்."

அதற்குள் மணி அடித்துவிட்டது. விளக்கு அணைந்தது. நாற்பது தலைகள் மேஜையில் சாய்ந்தன.

யானை மேடைமீது நாற்காலியைப் போட்டு, கையில் சுண்ணாம்புக் கட்டியோடு உட்கார்ந்திருந்தான். இந்த ஒரு முப்பத்தைந்து நிமிடத்துக்குத்தான் அவன் பள்ளிக்கே வருகிறான் என்று சொல்வோம். நான் குனிந்தபடி மேடையருகே போனேன்.

"எங்க?" என்று கிசுகிசுத்தான்.

"டாய்லெட்."

"காலைலயும் வயிறு, இப்பவும் வயிறா? உன் வீட்டுக்காரன் டிபன்ல என்னத்தடா போட்டான்?"

வகுப்பில் எங்கள் இருவருக்கும் பெயர் 'கிழவன் கிழவி'. ஒரே குடையில் வந்தால், ஒரே கிண்ணத்தில் சாப்பிட்டால், "கிழவனும் கிழவியும் கிளம்பிட்டாங்கடா" என்று கூவுவார்கள். ஆ-யுவான் திட்டிக்கொண்டே துரத்துவான். நான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பேன். சிரிக்காவிட்டால் தெரிந்துவிடுமே. அப்போதும் பழக்கதோஷத்தில் பல்லைக் காட்டினேன்.

"அஞ்சே நிமிஷம்" என்றான் யானை. "தாண்டினா நம்பர் போட்டுருவேன். நட்பு வேற, சுண்ணாம்பு வேற."

ஒரு மாடி ஏறினால் ஆசிரியர் அறை. தூங்கும் நேரத்தில் வெளியே சுற்றுகிறவர்களைப் பிடிக்க ராணுவ அதிகாரி காவ் நடமாடிக்கொண்டிருப்பார். எங்கள் ஊர்ப் பள்ளிகளில் ஒழுங்கைப் பார்த்துக்கொள்ள ராணுவத்திலிருந்து ஒருவரை அனுப்புவார்கள்; எங்களுக்கு அவர். ரப்பர் அடி வைத்த காலணி, வருவதே தெரியாது. படியில் ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, மூச்சைப் பிடித்துக் கேட்டுவிட்டு ஏறினேன்.

ஆசிரியர் அறையும் இருட்டாக இருந்தது. வேதியியல் சார் மடக்குக் கட்டிலில் வாயைத் திறந்து கிடந்தார். ஷாவ் மிஸ் கண்ணுக்குக் கறுப்புத் துணி கட்டி, மேஜையிலேயே கவிழ்ந்திருந்தார். அவருடைய தலையணை எங்கள் நோட்டுக் கட்டின்மேல் இருந்தது. தலையணையின்மேல் அவர் கன்னம்.

அங்கேயே உட்கார்ந்து அழலாம்போல் இருந்தது. மேலேயிருந்து எண்ணினேன். ஐந்து, ஆறு, ஏழு, இன்னொரு ஏழு. மிஸ் பாவம், படிப்பதற்கு வசதியாக வரிசைப்படி அடுக்கிவேறு வைத்திருந்தார். இரண்டாவது ஏழின் முதுகை நகத்தால் பற்றி, அரிசி மூட்டையிலிருந்து ஒரு அரிசியை உருவுவதுபோல இழுத்தேன். பாதி வந்தது. மிஸ்ஸின் தலை லேசாக ஆடியது.

"உட்காருடா" என்றார் மிஸ்.

நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று தெரியாது. அப்புறம்தான் மெல்லிய குறட்டை கேட்டது. தூக்கத்திலும் வகுப்பெடுக்கிறார் என்று புரிந்ததும் எழுந்து, மீதிப் பாதியையும் உருவிக்கொண்டு கால் விரல்களால் நடந்து வெளியே வந்தேன்.

நேரே வகுப்புக்குப் போயிருக்க வேண்டும். படியிறங்கி, எங்கள் வகுப்பு வாசலுக்குப் பத்தடி தூரம்வரை வந்தும்விட்டேன். அங்கே ஒரு ஜன்னல், நல்ல வெளிச்சம். இரண்டு நாள் தூங்காதவனுக்குப் பத்தடி பொறுக்க முடியவில்லை. நோட்டைக் கடைசியிலிருந்து திருப்பினேன். அவன் கையெழுத்து. 'ஆ-மின்,' என்று தொடங்கியிருந்தது.

"என்ன அது?"

தலைக்குமேல் குரல். ரப்பர் காலணி. காவ் சார் என் கையிலிருந்து நோட்டை எடுத்துக்கொண்டார். நான் திருதிருவென்று முழித்தேன்.

"வாரக்குறிப்பு. இது மிஸ் மேஜைல இல்ல இருக்கணும்? நீ எந்த நம்பர்?"

"இருபத்து மூணு சார்."

"இதுல ஏழுன்னு இருக்கு. அடுத்தவன் நோட்டத் திருடிட்டு வந்தியா?"

"இல்ல சார்... ஆமா சார்..."

அவர் முதல் பக்கத்தைத் திறந்தார். அடுத்ததைத் திருப்பினார். நாலாவது பக்கத்தில் நின்றுவிட்டார். அங்கே தொப்பி போட்ட ஒரு மூக்கு இருந்தது. மூக்குக்குப் பின்னால் கொஞ்சம் ஆள்.

"யாரு இது? நானா?"

அவர் மேலும் திருப்பினார். பத்து, பதினைந்து பக்கம் என்று கட்டை விரலால் தள்ளிக்கொண்டே போனார். கடைசிக்கு இன்னும் விரலளவுதான் இருந்தது. அந்த நோட்டைப் பிடுங்கிக்கொண்டு ஜன்னல் வழியே குதிக்கலாமா என்றுகூட நினைத்தேன். முதல் மாடிதான், கால் மட்டும்தான் உடையும்.

வகுப்புக் கதவு திறந்தது. ஆ-யுவான் வெளியே வந்தான். கன்னத்தில் சட்டைக்கையின் மடிப்புத் தடம்கூட இல்லை, அவனும் தூங்கவில்லை.

"சார், அது என் நோட்டு. நான்தான் ஏழு."

"நீ ஏன்டா வெளிய வந்த?"

"இவன் திருடல சார். நான் சொல்லித்தான் எடுத்தான்." அவன் ஒரு முறை எச்சிலை விழுங்கினான். "அதுக்கு மேல திருப்பாதீங்க சார், ப்ளீஸ்."

"ஏன், அப்படி என்ன வச்சிருக்க?"

"காதல் கடிதம் சார்."

காவ் சாரின் முகம் சட்டென்று மலர்ந்தது. ஆம்பிளைப் பையன்கள் பள்ளியில் இருபது வருடம் வேலை பார்த்தவர், இந்த ஒரு குற்றத்தை மட்டும் அவருக்குப் பிடிக்கும்போல. "அட! அப்படிச் சொல்லு. எந்தப் பொண்ணு? பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல இருக்கற ஸ்கூலா?"

தப்பிக்கிற வழியை அவரே திறந்து வைத்துவிட்டார். ஆமா சார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சிரித்து, தலையில் ஒரு குட்டு வைத்து, நோட்டைத் தந்துவிடுவார். சொல்லுடா, சொல்லித் தொலை என்று மனதுக்குள் கெஞ்சினேன். அதே சமயம், அவன் அப்படிச் சொல்லிவிட்டால் என்னால் தாங்க முடியாது என்பதும் எனக்குத் தெரிந்தது.

ஆ-யுவான் என்னைப் பார்க்கவில்லை. அவரைத்தான் பார்த்தான்.

"பொண்ணு இல்ல சார்."

மேலே எங்கோ மின்விசிறி கடகடத்தது. காவ் சார் அவனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். அவருடைய விரல் இன்னும் பக்கங்களுக்கு நடுவில்தான் இருந்தது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் யாரென்று தெரிந்துவிடும். அவருடைய காது மடல் சிவந்துபோனது. எனக்குப் பயத்தில் சிரிப்பு வேறு வந்தது, உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

அவர் நோட்டை மூடினார்.

"தூங்கற நேரத்துல பேச்சு என்ன பேச்சு?" என்றார், யாரையும் பார்க்காமல். "மணி அடிக்கற வரைக்கும் ரெண்டு பேரும் சுவத்தப் பாத்து நில்லுங்க." பையிலிருந்து தன் சின்னப் புத்தகத்தை எடுத்து எழுதினார். ஏழு. இருபத்து மூன்று. காரணம் எழுதும் கட்டத்தில் பேனா நின்றது. நான் எட்டிப் பார்த்தேன். 'தூங்கவில்லை' என்று எழுதினார். பச்சை நோட்டை ஆ-யுவானின் மார்பில் வைத்து அழுத்திவிட்டுத் திரும்பினார். நாலடி போய் நின்றார்.

"என் மூக்கு அவ்வளவு பெருசு இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் அவர் மனம் மாறி வீட்டுக்குப் போன் போடலாம். போடாமலும் இருக்கலாம். சொன்ன வார்த்தையை இனி யாரும் உருவி எடுத்து வர முடியாது. நாங்கள் சுவரைப் பார்த்து நின்றோம். சுவரில் பெயின்ட் உரிந்து ஒரு தீவு மாதிரி இருந்தது.

"அவர்கிட்ட சொல்லிட்டியேடா" என்றேன்.

"ம்."

"உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா?"

"தெரிஞ்சா தெரியும்." அவன் உரிந்த பெயின்ட்டை நகத்தால் சுரண்டினான். "வேற ஒரு பொண்ணு பேரச் சொல்லலாம்னுதான் வாயத் தொறந்தேன். நீ பக்கத்துல நிக்கறப்ப வரல. என்ன பண்றது?"

எனக்கு அழுகை வந்தது. சுவரைப் பார்த்து நிற்பதில் அது ஒரு வசதி.

ஒன்று ஐந்துக்கு மணி அடித்தது. திரைகள் விலகின. ஜன்னல்களில் தலைகள் முளைத்தன, கன்னமெல்லாம் மடிப்புத் தடத்தோடு. யானை முதல் ஆளாக வாசலுக்கு வந்து இடுப்பில் கை வைத்து நின்றான்.

"டேய், எல்லாரும் வாங்கடா! கிழவனும் கிழவியும் ஒண்ணா நிக்கறாங்க! என்ன கிழவா, வீட்ல சண்டையா?"

எல்லோரும் சிரித்தார்கள். ஆ-யுவான் இந்த முறை திட்டவில்லை, துரத்தவில்லை. தோள் மட்டும் இறுகியது. அடுத்து என்ன நடக்கும் என்று அவனுக்குத் தெரியும். நான் சிரிப்பேன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பு என் தொண்டைவரை வந்தும்விட்டது. காலையில் கழிவறையில் ஒளிந்த அதே ஆள்தானே நான்.

திரும்பி நின்றேன்.

"சண்டை இல்ல" என்றேன். "இன்னிக்குத்தான் சேந்தோம்."

இன்னும் கொஞ்சம் பேர் சிரித்தார்கள். நான் சிரிக்காததைப் பார்த்து ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். கடைசி ஜன்னலிலிருந்து ஒருவன் ஒரு கெட்ட வார்த்தை சொன்னான். யாரும் அவனோடு சேர்ந்து சொல்லவில்லை, யாரும் அவனை அடக்கவும் இல்லை. யானை என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"நிஜமாவாடா?"

"நிஜமாத்தான்."

அவன் ரொம்ப நேரம் யோசித்தான். அந்தப் பெரிய முகத்தில் யோசனை ஏறி இறங்குவது அப்படியே தெரியும்.

"அப்ப காலைல வயித்துவலி பொய்யா?"

"பொய்தான்" என்றேன். "பயம்டா. இப்பவும் பயமாத்தான் இருக்கு."

ஆ-யுவான் இன்னும் சுவரைப் பார்த்தபடியே நின்றான். நோட்டை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றிக்கொண்டான். காலியான கையால் என் கையைப் பிடித்தான், அத்தனை ஜன்னல்களுக்கும் முன்னால். கடைசிப் பக்கத்தை நான் இன்னும் படிக்கவில்லை. அவன் உள்ளங்கை முழுக்க வியர்த்திருந்தது.